வீடளித்தலும் உடனிற்றலும்

சிவமயம்

சைவாசிரியப் பெருமக்களே!

புருடார்த்தம் நான்கென்று நாம் பாடசாலைகளிலே கற்பிக்கின்றோம். அறம், பொருள், இன்பம் என்பவற்றை விளக்கி, நான்காவதாகிய வீட்டுக்கு வந்தவுடன், “இது குடியிருக்கும் வீடன்று, பாசத்தினின்று விடுபடுதல்” என்று மாணாக்கரைத் திருத்துகின்றோம். திருத்துதல் முறையே. ஆயினும், அவ்வகுப்பிலே குடியிருக்க வீடில்லாத பிள்ளையொன்று இருக்குமாயின், அதன் செவியில் நம் திருத்தம் எங்ஙனம் படும் என்று நாம் எண்ணியதுண்டா?

கொழும்பிலே பேஸ்லைன் வீதி ஹைலெவல் வீதியொடு கூடுகின்ற கிருலப்பனையை நீவிர் அறிவீர். வெள்ளவத்தைக் கோயில்களுக்கு அண்மையிலுள்ள ஊர் அது. அங்கே வாய்க்கால் ஓரங்களிலே பலகையாலும் தகரத்தாலும் குடில் கட்டி வாழ்ந்தோர் பல தலைமுறையினர். அக்குடிலும் இன்றி, இரவிலே கடை அடைத்தபின் அதன் வாயிலிற் படுத்துறங்குவோரும் நகரெங்கும் உளர். அவரைக் கடந்து நாம் கோயிலுக்குச் செல்கின்றோம்.

இத்தகையாரை உலகம் நடத்திய முறை இரண்டு. ஒன்று, ஒறுத்தல். இலங்கையிலே 1841 இல் இயற்றப்பட்ட அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இருக்க இடமின்மையையே குற்றம்போல ஆக்கிற்று. மற்றொன்று, கூரை கொடுத்து அவ்வளவில் ஒழிதல். கூரை கொடுத்தலை நாம் இகழேம். வீடற்றோர்க்கென ஓர் ஆண்டு வகுக்கவேண்டுமென்று 1980 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையிலே வேண்டினவர் அக்காலத்து இலங்கைப் பிரதமர் ரணசிங்க பிரேமதாசா. 1982 இல் அச்சபை அதனை ஏற்று, 1987 ஐ அவ்வாண்டாகப் பிரகடனஞ் செய்தது. பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் 1984 இல் இங்கே தொடங்கிற்று. 2010 இன் பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை குடில்வாழ்வோரை அடுக்குமாடிகளிற் குடியேற்றி வந்தது. இவையெல்லாம் நற்பணிகளே. ஆயினும் வீடு பெற்ற குடும்பம், தொழிலிடம் தூரமாதலாலும், தவணைப் பணமும் நீர் மின் கட்டணங்களும் மாதந்தோறும் வருதலாலும் இடர்ப்படுதலை நாம் காண்கின்றோம். திறவுகோலைக் கொடுத்தவர் அன்றோடு சென்றுவிட்டார். அதன்பின் துணையாக நிற்பவர் எவர்?

ஈண்டு மூன்றாம் முறையொன்று உண்டு. அதனை நம் சமயமே கற்பிக்கின்றது.

உயிரானது ஆணவமலத்தால் மறைப்புண்டு ஒன்றும் அறியாது கிடந்த நிலையிலே, இறைவன் அதற்குத் தனு, கரண, புவன, போகங்களைக் கொடுத்தருளினான். “மலம் நீங்கி வா, பின்னர்த் தருவேன்” என்றானல்லன். மலம் நீங்குதற்பொருட்டே முன்னர்த் தந்தான். தந்தபின் அகன்றானுமல்லன், உயிர்க்கு உடனாய் நின்று அதனைப் பக்குவப்படுத்துகின்றான். முதலிற் கொடுத்தல், பின்னர்ப் பிரியாது உடனிற்றல்: இவ்விரண்டுமே திருவருளின் முறை.

இம்முறை திருவதிகையிலே நிகழ்ந்தது. பரசமயம் புகுந்த மருணீக்கியார் சூலைநோயால் வருந்தி இரவிலே தமக்கையார் மடத்தை அடைந்தபோது, திலகவதியார் அவரை வாயிலில் நிறுத்திக் கணக்குக் கேட்டாரல்லர். ஏற்றுக்கொண்டார், திருநீறு அளித்தார், திருக்கோயிலுக்குத் தம்முடன் அழைத்துச் சென்றார். நோய் தீர்ந்தது அதன் பின்னரே. உழவாரம் கையில் ஏறியது அதற்கும் பின்னரே.

அவ்வூர்ப் புறத்துச் சித்தவடமடத்திலே பின்னொருகால் நிகழ்ந்ததையும் நினைமின். துயின்ற சுந்தரமூர்த்தி நாயனார் தலைமேல் ஒரு முதியவரின் கால் பட்டது. இடம் மாறிப் படுத்தும் மீளவும் பட்டது. நாயனார் வெகுண்டு வினவ, முதியவர் தம்மை அறியாமையைச் சுட்டி மறைந்தருளினார். அவர் சிவபெருமான். நம்பியாரூரர்க்கே அறிதற்கரியராய் ஒதுங்கிக் கிடந்த அப்பெருமானைக் கடைவாயிலிலே நாம் எளிதில் அறிந்துவிடுவோமா?

இக்காலத்தும் இம்முறையைக் கைக்கொண்டோர் உளர். நியூயார்க்கிலே 1992 முதல் சாம் செம்பெரிஸ் என்னும் உளநூலறிஞர், தெருவிலே உழன்ற மனநோயாளருக்கு, “குடியை விடுக, மருந்துண்க” என்னும் நிபந்தனையின்றி முதலில் வீடும், பின்னர் இடையறாத துணையும் அளித்தார். அவருட் பெரும்பாலார் ஆண்டுகள் கழிந்தும் அவ்வீடுகளில் நிலைத்திருந்தனர். பின்லாந்து அரசு 2008 முதல் அதனைத் தேசியக் கொள்கையாகவே கொண்டது.

நம் தமிழகத்திலோ, சென்னையில் 1993 இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இளம்பெண்கள் இருவர், மனநோயுற்றுத் தெருவில் அலைந்த பெண்களுக்காகப் பேனியன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆலமரம் என்பது அப்பெயரின் பொருள். நோய் தணிந்து இல்லம் மீண்டோர் பலர். மீள இல்லமற்று ஆண்டுக்கணக்காய் விடுதியிலேயே தங்கினாரும் சிலர். அவர்பொருட்டு 2015 இல் புதுவழி ஒன்று கண்டனர். நால்வர் ஐவராக, ஊர்நடுவே வாடகைக்கு அமர்த்திய சாதாரண வீட்டிலே குடியேற்றி, உதவியாளரையும் துணைவைத்தனர். தம் அடுக்களையில் தாமே சமைத்து, கடைக்குச் சென்று, அயலாரொடு உறவாடி அவர் வாழ்கின்றனர். விடுதியில் நோயாளியாயிருந்தவர் அங்கே அயல்வீட்டு அம்மா ஆகின்றார்.

“அவரவர் வினைப்பயன், நாம் செய்வது யாது?” என்று சிலர் வினவுவர். அவர் நுகர்வது பிராரத்தமாயின் ஆகுக. கண்டும் காணாது கடக்கின்ற நாம் ஈட்டுவது ஆகாமியம் அன்றோ? வினைக்கொள்கை தன் குற்றத்தை உணர்தற்கு உதவும் கண்ணாடி. பிறர்முகத்திலே அடைத்தற்குரிய கதவன்று.

ஆசிரியர்காள்! 1983 ஆடிக் கலவரத்திலே கொழும்புத் தமிழர் வீடிழந்தபோது பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் சரஸ்வதி மண்டபமும் அகதிகளின் அடைக்கலமாயின. வீடின்மை அயலாரின் துன்பம் மாத்திரமன்று. ஓரிரவில் நம்மையும் வந்தடைந்தது. ஆதலின் நாம் செய்யத்தக்கன சில கூறுவாம். முதலாம் வகுப்பிலே சேர்தற்கு வதிவிடச் சான்று வேண்டப்படும். முகவரியில்லாக் குடும்பம் வாயிலோடு திரும்பிவிடாமல், கிராம அலுவலரிடம் உடன்சென்று வழி தேடிக் கொடுமின். புதுமனை புகுந்த மாணாக்கர் வீட்டுக்கு மாதமொருமுறை சென்று, கட்டணச் சீட்டு முதல் காய்ச்சல் வரை விசாரித்து வாருங்கள். ஆலய தருமகர்த்தாக்களோடு கூடி, கிருலப்பனையிலே ஒரு சிறுவீட்டை வாடகைக்கெடுத்து, இடமற்ற நால்வர்க்கு அளித்து, ஓராண்டு உடனின்று பாருங்கள். பெரும்பொருள் வேண்டா, பிரியாமையே வேண்டும்.

அதன்பின் நான்காம் புருடார்த்தத்தை வகுப்பிலே விளக்குமின். குடியிருக்கும் வீட்டை ஒருவர்க்கு அளித்த நாவினின்று வருமாயின், மற்றை வீட்டைப் பற்றிய சொல்லும் பிள்ளையின் உள்ளத்தே குடிபுகும்.

சிவபெருமான் திருவருள் முன்னிற்க.