தீயவனின் முன்கதை

ஒருவன் தீமை செய்தான் என்று சொல்வது எளிது. ஏன் செய்தான் என்று கேட்பது கடினம். அக்கடினமான கேள்வியைக் கேட்கத் துணிவதே கதைக்கலையின் பெருமைகளுள் ஒன்று. இன்று இளையோர் விரும்பும் வீடியோ விளையாட்டுகளும் அதே கேள்வியைக் கேட்கின்றன.

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேன்டசி ஏழு' இதற்குத் தக்க சான்று. அதன் தீயவன் செபிரோத். புகழ்பெற்ற போர்வீரனாகிய அவன், நிபெல்ஹெய்ம் என்னும் மலையூரைத் தீக்கிரையாக்கி, பின்னர் உலகையே அழிக்க முற்படுகிறான். ஹோஜோ என்னும் அறிவியலறிஞன் தன் மகனையே, கருவில் இருந்தபோதே, வேற்றுலக உயிரொன்றின் அணுக்களால் சோதனைப் பொருளாக்கினான். அந்த மகனே செபிரோத் என்பது அவ்விளையாட்டிலேயே வெளிப்படுகிறது. 2007-இல் வந்த 'கிரைசிஸ் கோர்' அவனை நண்பர்களின் பிரிவால் வாடும் மனிதனாகக் காட்டிற்று. 2023-இல் கைப்பேசிக்கென வந்த 'எவர் கிரைசிஸ்' அவனது பதின்பருவத்தைத் தீட்டிற்று. அச்சமூட்டிய ஓர் உருவம், கால் நூற்றாண்டில், தாய்முகம் அறியாத பிள்ளையாயிற்று.

இம்மாற்றம் நன்றா? ஒருவகையில் மிக நன்று. தீமை செய்பவன் நம் இனத்தான் அல்லன் என்று எண்ணிக்கொள்வது நமக்கு வசதியானது. முன்கதை அவ்வசதியைப் பறித்துவிடுகிறது. அன்றியும், வாளேந்திய கையை மட்டுமன்று, அக்கையை வார்த்தெடுத்த ஆய்வுக்கூடத்தையும், அதனை நடத்திய ஷின்ரா என்னும் நிறுவனத்தையும் அது குற்றக்கூண்டில் ஏற்றுகிறது.

ஆயினும் இங்கே ஓர் இடர் உண்டு. காரணம் காட்டுவது வேறு. குற்றம் துடைப்பது வேறு. இவ்வேறுபாட்டை அக்கதையே நமக்குக் கற்பிக்கிறது. அதே ஹோஜோவிடம் சிக்கி, ஆண்டுக்கணக்கில் சோதனைக்குள்ளானவர்கள் சாக், கிளவுட் என்னும் இருவர். தப்பியபோது சாக் எந்த ஊரையும் எரிக்கவில்லை. நினைவிழந்த நண்பனைச் சுமந்து சென்று, அவனைக் காக்கப் போரிட்டு மடிந்தான். ஏரித் என்னும் பெண்ணோ குழந்தையாகவே தாயுடன் ஆய்வுக்கூடத்தில் அடைபட்டவள். தப்பி வந்த வழியில் தாயையும் இழந்தவள். அவள் உலகைக் காக்க மன்றாடிக்கொண்டிருந்த வேளையில்தான் செபிரோத்தின் வாள் அவளை ஊடுருவிற்று. காயப்படுத்திய கை ஒன்றே. காயம்பட்டோர் சென்ற வழிகளோ வெவ்வேறு.

துன்பம் தீமையைத் தவிர்க்கவியலாதபடி ஈன்றெடுக்கும் என்போமாயின், சாக்கையும் ஏரித்தையும் இழிவுபடுத்துகிறோம். செபிரோத்தையும் இழிவுபடுத்துகிறோம்! உருண்டு விழுந்து ஒருவனைக் கொன்ற கல்லுக்காக எவரேனும் இரங்குவரோ? வேறுவழி செல்லக்கூடியவனாய் இருந்தும் செல்லாதவனுக்காகவே நெஞ்சு இரங்குகிறது. நாள்கணக்கில் ஏடுகளைப் புரட்டிய செபிரோத், மனிதரால் வஞ்சிக்கப்பட்ட தொல்லினத்தின் வழித்தோன்றல் தான் என்று தவறாக நம்பினான். அந்நம்பிக்கை மெய்யாகவே இருந்திருந்தாலும், வஞ்சித்தவர் அவ்வூரில் இருந்த கிளவுடின் தாயோ, டீஃபாவின் தந்தையோ அல்லரே!

எனவே தீயவனின் கதையைத் திருத்தி எழுதுவோர் மூன்றைக் காட்டுதல் வேண்டும்: அவன் பட்ட காயம், அவன் தேர்ந்துகொண்ட கணம், அவனால் மாண்டவர் முகம். முதலாவதை மட்டும் எழுதினால் பிணங்கள் அவன் சோகத்திற்குத் திரைச்சீலையாகிவிடும். பின்னிரண்டை மட்டும் எழுதினால் எஞ்சுவது பழிதீர்க்கும் தாகமே.

குற்றமில்லாதவனுக்கு மன்னிப்பு தேவையில்லை. குற்றம் குற்றமாகவே நிற்கும் இடத்தில்தான் இரக்கத்திற்கு வேலை உண்டு. இது விளையாட்டுக்கு மட்டும் உரிய உண்மையன்று. நம் குடும்பத்திலும் ஊரிலும் தவறிழைத்தவரைப் பற்றிப் பேசும்போதும் பொருந்தும். விளையாடி முடித்த பிள்ளை, "பாவம் அவன்" என்று சொன்னால் மறுக்க வேண்டாம். "ஆம், பாவந்தான்" என்போம். பிறகு, "எரிந்த வீடுகளில் யார் இருந்தார்கள்?" என்றும் மெல்லக் கேட்போம்.