நெரிசலில் அடுத்திருப்பவர்

தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று வினவிய திருச்சட்ட அறிஞருக்கு ஆண்டவர் இயேசு இலக்கணம் எதுவும் வகுத்துத் தரவில்லை; ஒரு சாலையைக் காட்டினார். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் அந்தச் சாலை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுடையது. ஆயிரம் மீட்டருக்கும் மேலாகச் சரிந்து செல்வது. பாறையும் வெயிலும் சூழ்ந்த அவ்வழியில் அடிபட்டுக் கிடந்தவர் ஒருவர், கடந்தவர் மூவர். யார் கண்டார், யார் விலகினார் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

அதே வினாவை எடுத்துக்கொண்டு சென்னைத் தியாகராய நகருக்கு நடந்து சென்றால் என்ன ஆகும்? மாம்பலம் இரயில் நிலையத்தை விட்டு இறங்கியதும் ரெங்கநாதன் தெரு நம்மை வாங்கிக்கொள்கிறது. 1920-களில் ஏரி நிலத்தைத் தூர்த்து எழுப்பிய இந்நகர்ப்பகுதியில் இன்று நீருக்குப் பதிலாக மனிதர்கள் பெருக்கெடுக்கிறார்கள். முழம் போட்டுப் பூ விற்கும் மூதாட்டி, கைக்குட்டைகளைத் தோளில் பரப்பி நிற்கும் பார்வையற்றவர், கடை வாசலில் கைதட்டி அழைத்தே தொண்டை கட்டிப்போன இளைஞன், துணிமூட்டைச் சுமையால் வளைந்த முதுகு: இருநூறு அடி நடப்பதற்குள் இத்தனை பேர். எரிகோ சாலையில் குரு ஒருவரைக் கடந்தார். நாமோ ஒரு மணி நேரத்தில் நூறு பேரைக் கடக்கிறோம். அப்படியானால் நாம் அவரினும் நூறு மடங்கு குற்றவாளிகளா?

இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஒவ்வொருவருக்காகவும் நின்றால் எவரும் வீடு திரும்ப முடியாது. ஆகவே நகரத்தில் நடப்பவர் மனத்துக்கு ஒரு தோல் தடிக்கத்தான் வேண்டும் என்பர். இதில் பாதி உண்மை. மறுபாதியை அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1973-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. டார்லி, பேட்சன் என்னும் இரு உளவியலாளர்கள் மாணவர் 40 பேரைத் தனித்தனியே அடுத்த கட்டடத்துக்குச் சென்று உரையாற்றுமாறு அனுப்பினர். சிலருக்குத் தரப்பட்ட தலைப்பே நல்ல சமாரியர் உவமைதான்! வழியில் ஒருவர் சுருண்டு முனகிக்கொண்டிருக்குமாறு ஏற்பாடு செய்திருந்தனர். நேரம் இருக்கிறது என்று நம்பியவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ முன்வந்தனர். நேரமாகிவிட்டது, விரைந்து செல்க என்று துரத்தப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காட்டினரே. சிந்தையில் உவமையைச் சுமந்து சென்றது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. மறையுரை ஆற்றுவோரும் எம்போல் கட்டுரை எழுதுவோரும் இதை நினைவில் வைப்பது நலம்.

ஆக, தோல் தடிப்பதற்குக் கூட்டத்தை மட்டும் காரணம் காட்டுவதற்கில்லை; அவசரத்துக்கும் அதில் பங்குண்டு. நம் காலமோ அந்த அவசரத்துக்குத் தனிப் பாதையே அமைத்துத் தருகிறது. 2023 மே மாதம் மாம்பலம் இரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து ஏறத்தாழ 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. மின்தூக்கியும் நகரும் படிகளும் கொண்ட அதைக் குறைகூற நமக்கு மனமில்லை. முழங்கால் நோவுள்ள முதியவருக்கும் கைக்குழந்தையோடு வருபவருக்கும் அது பேருதவி. ஆயினும் மேலிருந்து கீழே பார்க்கும்போது ரெங்கநாதன் தெருவில் தெரிபவை தலைகள் மட்டுமே. உவமையில் வரும் குரு சாலையின் மறுபக்கத்துக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. அதற்கேனும் அவர் ஒருமுறை பார்த்தாக வேண்டும். மேற்பாலத்தில் செல்பவருக்கு அந்தச் சங்கடமும் இல்லை. 2019-இல் பாண்டி பஜாரில் அமைந்த அகன்ற நடைபாதை வளாகத்தைப் பற்றியும் இப்படி இரு மனத்தோடுதான் பேச முடிகிறது. நடப்பவருக்கு அங்கே இருக்கைகள் உண்டு. அதற்கு ஆறாண்டுகள் முன்பே, 2013-இல், அத்தெருவின் நடைபாதை வணிகர்கள் அடுக்குமாடி வளாகம் ஒன்றுக்கு மாற்றப்பட்டுவிட்டனர். நடந்து போகிறவர் எதிர்ப்படும் வழியில் கடை விரித்து வாழ்ந்தவருக்கு மாடிக்கடை எவ்வளவு தொலைவு என்பதை வணிகம் செய்தவரே அறிவார்.

கால்நடையாகச் செல்வதன் அறம் இங்குதான் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். எல்லார்க்கும் உதவும் ஆற்றலை நடை தருவதில்லை. பார்க்கவில்லை என்னும் சாக்கை அது பறித்துக்கொள்கிறது. சமாரியரும் அடிபட்டவரைத் தம் விலங்கின்மேல் ஏற்றிய அந்தக் கணத்தில் கால்நடைப் பயணியாகிவிட்டார் அல்லவா?

உவமையின் பிற்பகுதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மறுநாள் சமாரியர் தம் பயணத்தைத் தொடர்ந்தார். இரு தெனாரியங்களைச் சாவடிப் பொறுப்பாளரிடம் தந்து, மிகுதிச் செலவைத் திரும்பி வருகையில் தருவதாக உறுதி கூறினார். தனியொருவரின் இரக்கம் ஓர் ஏற்பாடாக மாறிய இடம் அது. நூறு பேரைக் கடப்பவருக்கு வேண்டியது இந்தச் சாவடிதான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் வெளியிட்ட ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ சுற்றுமடலில் இரண்டாம் இயலை இவ்வுவமைக்கே ஒதுக்கினார். அடிபட்டவர், கள்வர், விலகிச் சென்றவர், சமாரியர் ஆகிய அனைவரின் சாயலும் நம் ஒவ்வொருவரிலும் சிறிதேனும் உண்டு என்பது அவரது கருத்து. கள்வரின் சாயலுமா என்று திகைப்போர் துணிக்கடைக்குள் நுழைந்து பார்க்கலாம். நாம் தேடி நடந்து வந்த மலிவு விலையில், காலையிலிருந்து இரவுவரை நின்றே விற்கும் பெண்ணின் வீங்கிய பாதங்களுக்கும் பங்குண்டு.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பணிப்பெண்கள் அமரும் உரிமை கேட்டுப் போராடியதன் பயனாக 2018-இல் கேரளத்திலும், பின்னர் 2021-இல் தமிழகத்திலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. பணியாளர் அனைவர்க்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமர்ந்துகொள்ள இயல வேண்டும் என்பது தமிழகத் திருத்தத்தின் சாரம். இது ஒரு சாவடி. ஆனால் சட்டத்தால் முக்காலியைத்தான் போட முடியும். நாம் நெருங்கிச் செல்லும்போது அதிலிருந்து எழாமல் ஒரு பெண் விலை சொன்னால் நம் புருவம் நெரிகிறதா இல்லையா என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை. அந்தப் புருவத்துக்கு அஞ்சியே கண்காணிப்பாளர் அவளை எழுப்புகிறார்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் புத்தாடை எடுக்கப் போகும் நாளில் கல்லாவுக்கு அப்பால் சற்று எட்டிப் பார்க்கலாம். முக்காலியின் இருக்கை ஆட்கள் அமர்ந்து தேய்ந்திருக்கிறதா, அல்லது அதன்மேல் பிரிக்கப்படாத துணிக்கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்பது நின்று பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.