தனிமையைத் தந்தவர் யார்?

மனிதரை விட்டு ஒதுங்கி வளரும் குழந்தையின் உள்ளம் கனியுமா, கருகுமா? இவ்வினாவுக்கு இரு நூல்கள் இருவேறு விடை பகர்கின்றன.

முதலாவது, 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் தத்துவஞானி இப்னு துஃபைல் அரபியில் இயற்றிய 'ஹை இப்னு யக்ழான்'. ஆளற்ற தீவில் மான் ஒன்று பாலூட்டி வளர்த்த பிள்ளை ஹை. ஒருநாள் அந்த மான் அசைவற்றுக் கிடக்கிறது. அதை விட்டு நீங்கியது எது? மர்மத்தை அறிய மானின் நெஞ்சைப் பிளந்து பார்க்கிறான். அன்று தொடங்கிய தேடல், படைத்தவனை அறிவதில் நிறைவுறுகிறது.

இரண்டாவது, பெருமாள்முருகன் 2000இல் வெளியிட்ட 'கூளமாதாரி'. பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோட்டு வட்டாரம் இவ்வாசிரியரின் மண். பண்ணைக்கு ஆடு மேய்க்க விடப்பட்ட ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கூளையனே கதைத்தலைவன். மேட்டுக்காடு, பனைகள், ஆட்டுப்பட்டி, ஆழ்ந்த கிணறு இவையே அவன் உலகம். உடன் மேய்ப்போர் வவுறி, நெடும்பன், மொண்டி, செவிடி. இவை பெற்றோர் இட்ட பெயர்களா? உடற்குறையையும் தோற்றத்தையும் சுட்டி ஊரார் ஒட்டிய அடைமொழிகள் அல்லவா!

இயற்கை கூளையனை வஞ்சிக்கவில்லை. பனை பழம் தந்தது. ஆடுகள் அன்பு காட்டின. ஆயினும் கதை கிணற்று நீரில் துயரமாய் முடிகிறது. குற்றம் யாருடையது என்று தேடும் நாம், அச்சிறுவனைப் பட்டியில் தனியே படுக்கவைத்தவர் யார் என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்?

ஆடு மேய்ப்பது இழிவன்று. நபிமார் அனைவரும் ஆடு மேய்த்தவர்களே. தனித்திருத்தலும் தீங்கன்று, நபிகள் நாயகம் (ஸல்) ஹிராக் குகையில் தனித்திருந்தார்கள். ஆனால் நடுக்கத்தோடு இறங்கி வந்தபோது போர்த்தி ஆறுதல் கூற ஓர் இல்லமும், அதில் கதீஜா நாயகியாரும் (ரலி) இருந்தார்கள். ஹையின் தீவில் அவனை ஏவ ஒருவருமில்லை. கூளையனுக்கோ, கூப்பிடு தூரத்தில் மனிதர் இருந்தும் தன் வீடு செல்லும் உரிமை இல்லை. தனிமை உள்ளத்தைக் கருக்குவது இங்கேதான்.

கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. மனத்திலுள்ள பண்ணையைச் சட்டம் ஒழிக்குமா? சிறுவராய் வந்து பத்தாண்டு பணிசெய்த அனஸ் (ரலி) அவர்களை நாயகம் ஒருமுறையேனும் 'சீ' என்றதில்லை; இதை அவர்களே அறிவித்துள்ளார்கள். நம் கடையிலும் இல்லத்திலும் ஏவல் செய்யும் இளையவரின் உண்மைப் பெயரை நாம் அறிவோமா? பெருநாளன்று அவர் தம் தாயைக் காணச் செல்கிறாரா? இவ்விரு வினாக்களுக்கும் நாம் இன்றே விடை தேடுவோமாக.