வெறுமைக்கும் வடிவம் உண்டு

புல்லாங்குழல் உள்ளே வெறுமையாக இருப்பதால்தான் கண்ணன் அதை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டான் என்று சிறு வயதிலிருந்து உபன்யாசங்களில் கேட்டு வந்திருக்கிறேன். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு அப்பா கூட்டிப்போவார். உனக்குள் இருக்கும் 'நான்' முழுவதையும் குடைந்து எறி, மீதியை அவன் பார்த்துக்கொள்வான் என்பதுதான் அந்தப் பேச்சுகளின் சாரம். கேட்டால் மனம் இளகும், இன்றும் இளகுகிறது. ஆனால் என் தொழில் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் பேண்ட் பிள்ளைகளுக்குக் குழல் சொல்லிக்கொடுப்பது. நாள்தோறும் குழலின் உட்புறத்தைப் பார்க்கிற எனக்கு, அந்த உவமை ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுவதாகவே படுகிறது.

சென்ற ஆண்டு உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவியைப் பிக்கோலோவுக்கு மாற்றினேன். அதிகம் பேசாத பெண். சிங்கப்பூர் இளையர் விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமயம். பள்ளியின் பழைய பிக்கோலோவில் துளைகளை மூடும் பட்டைகள் தேய்ந்து காற்றுக் கசிந்தது. தாங்களே ஒன்று வாங்கித் தருவதாகப் பெற்றோர் சொன்னார்கள். கடைக்கு நானும் போனேன். மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார்கள். ஒன்று உலோகம், ஒன்று பிளாஸ்டிக், ஒன்று கறுப்பு மரம். மூன்றுமே ஏறக்குறைய 32 சென்டிமீட்டர், புல்லாங்குழலில் பாதிதான். உள்ளே சுண்டுவிரல்கூட நுழைய யோசிக்கும். மூன்றும் வெறுமைதான். ஒரே பெண், ஒரே மூச்சு, ஒரே 'ஏ' ஸ்வரம். வந்ததோ மூன்று வேறு ஒலிகள்.

பொருளால் வந்த வேறுபாடு என்றுதான் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். பொருளுக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு உள்ளே இருக்கும் காலியிடத்தின் வடிவத்துக்கு. அந்த உலோகப் பிக்கோலோவின் உட்குழாய் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அகலம். மேல் ஸ்தாயி சுலபமாகப் பாய்ந்து வரும், கீழே மெலிந்துபோகும். திறந்தவெளியில் அணிவகுத்து நடக்கும்போது அது நல்ல துணை. மற்ற இரண்டும் நுனியை நோக்கிப் போகப் போகக் குறுகுபவை. தியோபால்ட் போம் 1847-ல் புல்லாங்குழலின் உடலை ஒரே அகலமாக மாற்றினார். பிக்கோலோவில் பெரும்பாலானவை இன்றும் அதற்கு முந்தைய கூம்பு வடிவத்தையே வைத்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு குறுகல்தான் கீழ் ஸ்வரத்துக்கு உடம்பு தருகிறது, மேல் ஸ்வரத்தைக் கிளாரினெட்டுகளோடு ஒட்ட வைக்கிறது. காலியாக இருந்தால் போதும் என்றால், இந்த மூன்றும் ஒரே மாதிரி பாடியிருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. உதட்டிலிருந்து கிளம்பும் மூச்சு ஸ்வரம் அல்ல, சீறல்தான். அது ஊதுதுளையின் எதிர்விளிம்பில் மோதி, ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே என்று ஆடத் தொடங்குகிறது. எத்தனை வேகத்தில் ஆடுவது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது குழாய்க்குள் ஏற்கெனவே நிற்கும் காற்று. மூச்சு அந்தக் காற்றை அசைக்கிறது. அசைந்த காற்று திரும்பி வந்து மூச்சையே தன் தாளத்துக்கு ஆட்டுகிறது. கீழ் ஸ்தாயி 'ஏ' என்றால் நொடிக்கு 880 முறை இந்தக் கொடுக்கல் வாங்கல். குழாய் எதையும் தானாக உண்டாக்குவதில்லை. ஆனால் சீறலில் கலந்திருக்கும் பலவற்றில் தனக்கு ஒத்ததை மட்டும் ஏற்று, மற்றதை விட்டுவிடுகிறது. ஏற்பதும் விடுவதும் செயல் இல்லையென்றால் வேறு எது செயல்?

வைணவத்தில் இது பழைய வழக்கு. சரணடைந்த உயிர் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா? தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டுவார்கள்: தாய் வாயில் கவ்விக்கொண்டு போகிறது, குட்டி சும்மா கிடக்கிறது. வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள்: தூக்கிப்போவது தாய்தான், ஆனாலும் குட்டி இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணம் ஒரு பக்கம் நிற்கிறது, 1268-ல் பிறந்த வேதாந்த தேசிகரின் ரகஸ்யத்ரயசாரம் மறுபக்கம். எங்கள் வீடு தென்கலை. வெறுங்குழல் உவமை எங்களுக்கு இனிப்பதில் வியப்பில்லை. ஆனால் குழலைக் கையில் வைத்துப் பார்த்தால் அது பூனைக்குட்டியாகவும் இல்லை, குரங்குக்குட்டியாகவும் இல்லை. அது பற்றிக்கொள்வதில்லை, சும்மா கிடப்பதும் இல்லை. வருகிற மூச்சுக்கு அது பதில் சொல்கிறது. அந்தப் பதில் அதன் வடிவத்திலிருந்து வருகிறது. ஆகவே சரணாகதி என்பது தன்னை அழித்துக்கொள்வது என்று யார் சொன்னாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அழிக்கப்பட்ட குழாய், குழாய் அல்ல, வெளிக்காற்றுதான். தனக்கென ஓர் உருவம் உள்ளவன்தான் தன்னைக் கொடுக்க முடியும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் அந்தப் பெண்ணைப் போன்ற பிள்ளைகள்தான். அடக்கம் என்றால் தெரியாமல் இருப்பது என்று அவர்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறோம். பிக்கோலோவில் தெரியாமல் இருக்க வழி கிடையாது. அதன் உச்ச 'சி' நொடிக்கு 4,186 அதிர்வு. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் விழுகிறது. ஐம்பது பேர் ஊதும் பேண்டிலும் அந்த ஒரு குழல் தனியே கேட்கும். சூசாவின் 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்' வாசிக்கும்போது ட்ரியோ பகுதியில் பேண்ட் முழுவதும் கீழே தாழ்ந்து, பிக்கோலோவின் நுணுக்கத்துக்கு வழிவிடும். அங்கே பயந்து மூச்சைச் சுருக்கினால் சுருதி இறங்கும். தப்பு இன்னும் பெரிதாகக் கேட்கும். ஒளிந்துகொள்ளும் பணிவு அங்கே யாருக்கும் உதவாது. பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டு, அவர்களுக்கு ஒத்த இடத்தில் முழு மூச்சோடு நிற்பதுதான் அங்கே பணிவு. நம் கோயில்களில் இந்தப் பணிவைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்று ஏங்குகிறேன்.

கடையில் அந்தப் பெண்ணின் அம்மா என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். "சார், மரம்தானே இருக்கறதுலயே நல்லது? வாங்கறதே வாங்கறோம், நல்லதாவே வாங்கிடலாம்னு அவ அப்பா சொல்றார்."

மரத்தின் ஒலிக்கு நானும் அடிமை. அந்தக் கறுப்பு மரம் தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் மெல்ல மெல்ல வளர்வது. ஆனால் புது மரக் குழலை முதல் வாரங்களில் நாளுக்குச் சில நிமிடங்களுக்கு மேல் ஊதக் கூடாது. சூடான ஈர மூச்சில் உள்மரம் உப்பும். குளிரூட்டிய பேண்ட் அறையில் வெளிமரம் உப்பாது. நடுவில் விரிசல் விழும். வெளியே புழுக்கம், உள்ளே குளிர் என்று நாள் முழுவதும் மாறி மாறி நடக்கும் இந்த ஊர்ப் பிள்ளைக்கு அது பெரிய பொறுப்பு.

"வேண்டாம்மா. முதல் குழல் பிளாஸ்டிக் உடம்பா இருக்கட்டும். உள்ளே அதே கூம்பு இருக்கு, அதுதான் முக்கியம்" என்றேன்.

யமஹா வைபிசி-32 போன்றவை அந்த வகை. உடல் பிளாஸ்டிக், தலைப்பகுதி வெள்ளி பூசிய உலோகம். புல்லாங்குழலில் இருப்பதைப் போலவே உதடு வைக்கத் தகடு இருப்பதால், வாய்க்குப் பழகிய இடம் கிடைக்கும். மரத் தலைகளில் பெரும்பாலும் அந்தத் தகடு இருக்காது. வாங்கும் முன் கீழ் 'டி'யை மெல்ல ஊதச் சொன்னேன். பிறகு மேலே 'ஏ', 'பி' இரண்டையும் அதே மென்மையில். சத்தமாக ஊதினால் எல்லாக் குழலும் பேசிவிடும். சுருதிமானியை அவளிடம் காட்டாமல் நான் பிடித்துக்கொண்டேன். பார்த்துத் திருத்துகிறவள் கேட்கப் பழக மாட்டாள். வலது காதுக்கு ஓர் அடைப்பான் வாங்கச் சொன்னேன். பிக்கோலோ ஊதுகிறவர்களுக்கு அடி வாங்குவது அந்தக் காதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சரணாகதிக் கேள்வி விடவில்லை. என் அப்பா இருந்திருந்தால் தென்கலைப் பக்கம் நின்று மடக்கியிருப்பார்: வடிவம்தான் எல்லாம் என்கிறாயே, அந்த வடிவத்தைக் கடைந்தது யார்? குழாய் தன்னைத் தானே கடைந்துகொண்டதா? இதற்கு நேரான மறுமொழி என்னிடம் இல்லை. மரக் குழல் மட்டும் ஒரு குறிப்புக் கொடுக்கிறது. அதை ஊதுகிற மூச்சே அதன் உள்மரத்தை இம்மி இம்மியாக மாற்றுகிறது. கடைசல் பட்டறையோடு முடிவதில்லை.

அப்படியானால் மாறாத பிளாஸ்டிக்கை ஏன் முதலில் கொடுத்தேன்? குழலும் மாறி அவளும் மாறினால், ஒரு ஸ்வரம் பிசகும்போது எது பிசகியது என்று பதிமூன்று வயதுக்குத் தெரியாது. இந்தக் குழல் இன்று போலத்தான் நாளையும் இருக்கும். அதில் கேட்கும் மாற்றம் எல்லாம் அவளுடையது. மரத்தை அவள் பள்ளி முடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.