கைமாறும் பொருளும் கைவிடும் மனமும்

கரிசல் பூமியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த மண்ணின் இருவேறு சுபாவங்களும் தெரியும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கிற அதே நிலம், ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை இரண்டு விழுந்துவிட்டால் பசையாக இளகி, தார்ச்சாலையை விட்டு வண்டிப்பாதையில் இறங்குகிற சக்கரம் எதுவானாலும் அதைப் பற்றி இழுத்து அச்சு வரைக்கும் அப்பிக்கொள்ளும். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கோவில்பட்டியை நோக்கிப் போகிற திசையில் உள்ள குருவிகுளத்தையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் பொறுத்தவரை, நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் விசை பாய்கிற வண்டி வெறும் ஆடம்பரமன்று. மழைக்காலத்தில் அது ஓர் அவசியமும் ஆகும். அத்தகைய வண்டியை, அதிலும் செல்வர்கள் வாங்கும் உயர்ந்த ரகத்தை, பல வருஷம் கண்ணும் கருத்துமாகப் பேணிவந்த ஒருவர், வயதினாலோ பணமுடையினாலோ விற்க முற்படும்போது, தரகர் அதை 'சிங்கிள் ஓனர், கிலோமீட்டர் ஒரிஜினல், ஷெட்டிலேயே நின்ற வண்டி' என்று மூன்றே சொற்றொடரில் வருணித்து முடித்துவிடுகிறார். தரகருக்கு அவ்வளவு போதும். ஆனால் விற்பவருடைய உள்ளத்தில் அந்த வேளையில் நிகழ்வது என்ன, நிகழ வேண்டுவது என்ன என்பது வியாபாரத்தோடு முடிந்துவிடுகிற விஷயமன்று. நம்முடைய தர்ம சாஸ்திரங்கள் தியாகம் என்று எதைக் கருதின என்கிற கேள்வியோடு அது நெருங்கிய சம்பந்தமுடையது என்பதே என் எண்ணம்.

ஒரு பொருளை ஒருவன் எப்போது உண்மையாக விட்டவன் ஆகிறான்? பணம் கைக்கு வந்தபோதா, சாவியைக் கொடுத்தபோதா, அன்றி வேறொரு கணத்திலா?

இக்கேள்விக்கு மிகத் தூய்மையான விடையை நான் சங்கரன்கோவிலின் ஆடித்தபசில் கண்டிருக்கிறேன். அரியும் அரனும் ஒன்றாய் நிற்கும் கோலத்தைக் காண வேண்டிக் கோமதியம்மன் தவமிருந்தாள் என்பதும், இறைவன் சங்கரநாராயணராய்க் காட்சி தந்தான் என்பதும் அவ்விழாவின் கதை. அன்றைக்குச் சுற்று வட்டாரத்துச் சம்சாரிகள் தங்கள் புஞ்சையில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் தானியத்தையும் கை நிறைய அள்ளி அம்மனை நோக்கிச் சூறைவிடுகிறார்கள். வீசப்பட்ட அந்தப் பருத்திக்கு ரசீது கிடையாது. யாருடைய புஞ்சைப் பருத்தி எது என்று பிரித்தறியவும் முடியாது. காற்றில் பறந்து கூட்டத்தின் தலைமேல் விழுந்த பிறகு, கொடுத்தவனே அதைத் தேடிப் போவதில்லை. மீமாம்சகர்கள் யாகத்திற்குத் திரவியம், தேவதை, தியாகம் என்று மூன்று அங்கங்கள் வகுத்து, 'இது எனதன்று' என்னும் சங்கல்பத்தையே தியாகத்தின் உயிராகக் கொண்டார்கள். ஏட்டில் எழுத்தறியாத சம்சாரியின் கை அந்தச் சங்கல்பத்தைப் பிழையறச் செய்துவிடுகிறது.

ஆனால் வண்டியைச் சூறைவிட முடியாது. அது எண் தாங்கியது. பதிவேட்டில் பெயர் தாங்கியது. பல லட்சம் பெறுமானம் உள்ளது. அத்தகைய பொருள் ஒன்று கடவுளுக்கே காணிக்கையாக வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சில ஆண்டுகளுக்குமுன் குருவாயூரில் உலகம் பார்த்தது. 2021 டிசம்பர் 4-ஆம் தேதி மஹிந்திரா நிறுவனம், நான்கு சக்கரங்களிலும் விசை செல்லும் 'தார்' வண்டி ஒன்றைக் குருவாயூரப்பனுக்குக் காணிக்கையாக அளித்தது. தேவஸ்வம் அதே மாதம் 18-ஆம் தேதி அதை ஏலத்துக்கு விட்டது. ஆரம்ப விலை 15 லட்சம் ரூபாய். ஏலம் கேட்டவர் ஒரே ஒருவர். அவர் பதினாயிரம் ரூபாய் கூட்டி 15 லட்சத்துப் பதினாயிரத்துக்குக் கேட்டார். இது முறையான ஏலந்தானா என்று ஆட்சேபம் எழுந்தது. வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆட்சேபங்கள் விசாரிக்கப்பட்ட பிறகு, 2022 ஜூன் 6-ஆம் தேதி மறுபடியும் ஏலம் நடந்தது. பலர் போட்டியிட்ட அந்த ஏலத்தில் அதே வண்டி 43 லட்சத்துக்குப் போயிற்று.

பகவானுக்குக் கொடுத்ததைப் பணத்துக்கு விற்கலாமா என்று மனம் கசந்தவர்கள் பலர். அவர்களுடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆயினும் அவர்களுடைய கசப்பு தவறான இடத்தில் விழுந்தது என்றே நினைக்கிறேன். தேவதைக்கு உடைமை என்பது உண்மையில் உண்டா என்று ஆராய்ந்த சபரஸ்வாமி, தேவகிராமம், தேவக்ஷேத்திரம் என்று வழங்குவதெல்லாம் உபசார வழக்கே என்று தம் மீமாம்ச பாஷ்யத்தில் முடிவு கட்டினார். தன் இச்சைப்படி ஒரு பொருளைப் பயன்படுத்த வல்லவனே அதற்கு உடையவன் என்பது அவர் கொண்ட நியாயம். பிற்காலத்து நீதிமன்றங்களோ வேறு வழியில் சென்றன. 1925-ல் பிரிவி கௌன்சில், கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்து விக்கிரகத்தைப் பற்றிய வழக்கில், விக்கிரகம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர் என்றே தீர்த்தது. சபரர் சொன்னபடி பார்த்தால் வண்டிக்குக் கடவுள் உடையவர் அல்லர். சட்டம் சொல்கிறபடி பார்த்தால் அவரே உடையவர். எப்படிப் பார்த்தாலும், கைகட்டி நின்று விற்கிற தேவஸ்வத்தார் உடையவர்கள் அல்லர் என்பது மட்டும் நிச்சயம்.

என் மனத்தில் ஆழப் பதிந்த விஷயம் இதுதான். தன் வண்டியை விற்கிறவன், வாங்க வந்தவன் ஏழை வைத்தியன் என்றோ, மழையில் ஊரூராய்ப் போக வேண்டியவன் என்றோ அறிந்து, பெறுமான விலையில் இரண்டு லட்சத்தைத் தள்ளிக் கொடுத்தானானால் அது புண்ணியம். அதே தயையைத் தர்மகர்த்தா காட்டினால் அது புண்ணியமாகாது. பிறர் பொருளைத் தன் பெருந்தன்மைக்குச் செலவழித்த குற்றமாகும். தாராளம் என்பது தன்னுடையதிலிருந்து மட்டுமே செய்யத் தக்கது. சிவன் சொத்து குலநாசம் என்று நம் பாட்டிமார் சொன்னது திருடனுக்கு மட்டும் சொன்ன எச்சரிக்கையன்று. அசட்டையாக விற்கிறவனுக்கும் அது பொருந்தும். பதினைந்துக்கும் நாற்பத்து மூன்றுக்கும் இடையேயுள்ள இருபத்தெட்டு லட்சம் யாருடைய பையிலும் போய் விழவில்லை என்றாலும், போதிய பேருக்குத் தெரிவித்துப் போட்டியை வளர்க்காத ஏலத்தில் அது காணிக்கையிலிருந்து குறைந்தே போயிருக்கும்.

இனி, விலையைவிடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வஞ்சகம் என்பதை விளக்கிய பிறகு சில உதாரணங்களைத் தருகிறது. வாகனம் என்றால் குதிரை என்றிருந்த காலமாதலால் உதாரணமும் குதிரையே. ஒருவன் நோயுள்ள குதிரையை, நோயுண்டென்று அறிந்தே, ஏலத்தில் விற்கிறான். நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது வஞ்சகமன்று என்கிறது சட்டம். அடுத்த உதாரணத்தில், வாங்குகிறவள் விற்பவனுடைய மகள், அப்போதுதான் வயது வந்தவள்; அந்த உறவின் காரணத்தால் குதிரையின் குறையைச் சொல்வது அவன் கடமை என்று சட்டம் திரும்புகிறது. எனக்குத் தெரிந்த எந்தச் சட்டப் புத்தகத்திலும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் போல் சிந்தனைக்கு இடம் கொடுப்பது வேறொன்றில்லை. அந்நியனிடம் மௌனம் நியாயம். மகளிடம் மௌனம் துரோகம். சட்டம் மனிதர்களை உறவென்றும் அந்நியரென்றும் பிரித்தே ஆக வேண்டும். அதன் எல்லை அது. தர்மத்துக்கு அந்த எல்லை இல்லை. வாங்க வந்தவர் யாராயினும் அவரை வயது வந்த மகளாகவே பாவித்து, கேட்டாலும் கேளாவிட்டாலும், தான் அறிந்த குறை அனைத்தையும் எடுத்துச் சொல்லும்படி தர்மம் விற்பவனைக் கட்டுப்படுத்துகிறது.

இது நம் நாட்டாருக்கு மட்டும் தோன்றிய எண்ணமன்று. ரோமாபுரியின் சிசரோ தம் கடமை நூலில், குறையுள்ள வீட்டை விற்பவன் குறையைச் சொல்ல வேண்டுமா என்ற கேள்வியில், வேண்டாம் என்ற டையோஜனிஸுக்கும், வேண்டும் என்ற அவர் சீடர் ஆண்டிபாட்டருக்கும் நடந்த வாதத்தை விரித்தெழுதி, முடிவில் சீடர் பக்கமே நின்றார்.

கரிசற்சீமையின் மாட்டுத்தாவணிகளைப் பார்த்தவர்கள் ஒன்றை நினைவுகூரலாம். தரகர் துண்டை விரித்துக் கைகளை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே பேரம் பேசுவார். விலை அயலாருக்குத் தெரியாது. ஆனால் மாடு திறந்த வெளியில் நின்றது. அதன் பல்லையும் சுழியையும் நடையையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விலை மறைவிலும் பொருள் வெளிச்சத்திலும் இருந்த அந்த ஏற்பாடு இன்று தலைகீழாகிவிட்டது. வண்டியின் விலை ஊரறியப் பலகையில் எழுதப்படுகிறது. அதன் பூர்வ சரித்திரமோ மறைக்கப்படுகிறது. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைக் குறைத்துவிடும் வித்தை பெருகியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் பெருமழை மூழ்கடித்தபோது, காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டியைக் காயவைத்துத் துடைத்து மெருகிட்டு விற்றால், கண்ணுக்கு அது புத்தம் புதியதாகவே தோன்றும். உள்ளே மின்கம்பிகளின் இணைப்புகளில் ஏறிய துருவோ மாதங்கள் கழித்து, ஆள் நடமாட்டமில்லாத பாதையில், வாங்கியவனையும் அவன் குடும்பத்தையும் நிறுத்திவிடும். அங்கே விற்பவனுடைய மௌனம் பேச ஆரம்பிக்கிறது.

நன்றாகப் பேணியவர்களிடமும் சொல்லவேண்டிய குறை இருக்கும். பெரும்பாலும் அவர்களுக்கே அது குறையென்று தெரிவதில்லை. 'இந்த வண்டி ஒரு நாளும் சேற்றில் இறங்கினதில்லை' என்று பெருமையோடு சொல்கிற செல்வரைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆனால் முன்சக்கரங்களுக்கும் விசையைத் திருப்பிவிடுகிற அமைப்பை வருஷக்கணக்கில் இயக்காமலே வைத்திருந்தால், அதன் இணைப்புகள் இறுகி, தேவைப்படுகிற நாளில் இயங்க மறுக்கலாம். பட்டுத்துணியால் துடைத்து வைப்பது மாத்திரம் பேணுதலாகாது. எந்தக் காரியத்துக்காக ஒரு பொருள் பிறந்ததோ அந்தக் காரியத்துக்கு அதைத் தகுதியாக வைத்திருப்பதே பேணுதல். சேறு காணாத வண்டியின் சொந்தக்காரர், அந்த அமைப்பைத் தாம் போட்டுப் பார்த்ததே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாரானால் அவர் உண்மை முழுவதையும் சொன்னவராவார்.

இவ்விடத்தில் நியாயமான ஓர் ஐயம் எழக்கூடும். இத்தனை பிரியமாக வளர்த்த வண்டிக்கு, அந்தப் பிரியத்துக்கும் சேர்த்து விலை கேட்பது பிழையா? பேணியதன் பயனாக இயந்திரம் நல்ல ஸ்திதியில் இருக்கிறதென்றால் அந்த ஸ்திதிக்கு விலை கேட்கலாம்; அது வாங்குகிறவனுக்குப் போய்ச் சேர்கிறது. பிரியமோ விற்பவன் ஏற்கனவே அனுபவித்துத் தீர்த்த சுகம். அதை இன்னொருவன் தலையில் கிரயமாக ஏற்றுவது, உண்ட விருந்துக்கு மறுபடியும் மொய் கேட்பதாகும். மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், தலைமயிரில் குருவிகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் வரை அசையாமல் நின்று தவம் செய்த ஜாஜலி, அந்தத் தவத்தால் கர்வமடைந்தபோது, காசியில் கடை வைத்திருந்த துலாதாரன் என்ற வணிகனிடம் போய்த் தர்மம் கேட்க நேர்ந்தது. வாசனைப் பண்டங்களும் ரஸங்களும் விற்றுப் பிழைத்த துலாதாரன், தன் தராசு எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே சமமாக நிற்கிறது என்பதையே தன் விரதமாகச் சொன்னான். காட்டுக்குப் போய் எல்லாவற்றையும் விட்டவன், கடையில் உட்கார்ந்து விற்றவனிடம் பாடம் கேட்டான் என்பதை நம் முன்னோர் கூச்சமின்றி எழுதி வைத்தார்கள். விற்பதே இழிவு, கொடுப்பதே உயர்வு என்கிற எளிய கணக்கை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

பெயரை நீக்குவதும் தியாகத்தின் ஓர் அங்கமே. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் பதினான்கு நாட்களுக்குள் மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். படிவங்களில் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, 'பேர் மாத்துறது அவங்க பாடு' என்று நகர்ந்துவிடுகிற வழக்கம் எங்கும் உண்டு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், 2007-ல் விற்கப்பட்டுக் கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார், 2009-ல் உயிர்ச்சேதம் விளைத்தது. பதிவேட்டில் முதல் சொந்தக்காரர் பெயரே நின்றமையால், நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பாளி என்று தீர்ப்பாயிற்று. இது கடுமை என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அடிபட்டவருடைய குடும்பம் வண்டி எத்தனை பேர் கை மாறிற்று என்று தேடித் திரிய முடியாது. விலையை வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் விட்டுவைத்தவன் பாதியே விட்டவன். மீதிப் பாதியின் பலன் அவனைத் தேடி வருவது நியாயமே. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம், சரீர சிரமத்துக்கு அஞ்சிக் கடமையை விடுவதை ராஜஸ தியாகம் என்று ஒதுக்கி, அதற்குத் தியாகப் பலன் இல்லை என்கிறது. பதிவு அலுவலகத்து வரிசைக்கு அஞ்சுகிறவர் அந்த வகுப்பில் சேர்கிறார்.

இனி ஒரு சிறிய விஷயம். ஆயுத பூஜை தோறும் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசித்து வந்த வண்டியின் முன்பலகையில் சிறு பிள்ளையாரோ முருகனோ அநேகமாக ஒட்டியிருப்பார். விற்கிற நாளில் அதைப் பெயர்த்தெடுத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று தயங்குகிறவர்கள் உண்டு. வண்டியோடு அதிர்ஷ்டமும் போய்விடுமோ என்கிற பயத்தினால் பெயர்த்தெடுப்பது எனக்கு உவப்பில்லை. அது தெய்வத்தைத் தன் பங்காக வைத்துக்கொண்டு இரும்பை மட்டும் விற்கிற மனோபாவம். வாங்குகிறவருடைய விருப்பத்தையே கேட்கலாம். அவர் வேறு சமயத்தவராயின், அல்லது தம் குலதெய்வத்தை வைக்க நினைப்பவராயின், மரியாதையோடு எடுத்து வீட்டுப் பூஜையறையில் சேர்க்கலாம். இருக்கட்டும் என்றாரானால் அப்படியே இருக்க விட்டு, வெள்ளத்தில் நின்ற கதையையும், போட்டுப் பாராத அந்த நான்கு சக்கர விசையையும், கடைசியாக எண்ணெய் மாற்றிய தேதியையும் சொல்லி, சாவியோடு மாற்றுச் சாவியையும் கொடுத்து, மறுநாளே பதிவு அலுவலகத்துக்கு அவரோடு சேர்ந்து போக வேண்டியதுதான்.