பசியாறியாயிற்றா?

பினாங்குத் தீவின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில், மலையிலிருந்து அருவி இறங்கும் பகுதியைத் தமிழர் தண்ணீர்மலை என்று வழங்குவர். தைப்பூசக் காவடிகள் சென்று சேரும் இடம் அது. அதற்கு அப்பால், கருங்கல் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்ட பள்ளத்தாக்கு ஒன்றில், 1884ஆம் ஆண்டில் தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்டது. சார்லஸ் கர்ட்டிஸ் என்பவர் அதன் முதற் கண்காணிப்பாளர். செடிகொடிகளை ஆராய்வதற்கென எழுந்த பூங்கா அது. ஆயினும், ஆராய வருவோரைக் காட்டிலும் காலையில் நடக்க வருவோரே அங்கு மிகுதி. தென்னமெரிக்காவிலிருந்து வந்த பீரங்கிக்குண்டு மரமும் அங்கே உண்டு. அதன் பூவில் இலிங்கத்தையும் படமெடுத்த நாகத்தையும் கண்ட தமிழர், அதை நாகலிங்க மரமென்று சொந்தமாக்கிக் கொண்டனர்.

அத்தகைய மரத்தடியில் காலைதோறும் நின்று பேசும் முதியோர் கூட்டம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வரிசை வீட்டின் பின்புறத்துச் சாண் நிலத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, சுவரோரம் வெற்றிலைக் கொடி, சாடிகளில் மல்லிகை என்று வளர்ப்பவர்கள். அவர்கள் பேசுவது என்ன?

“பசியாறியாச்சாண்ணே?”

“ஆச்சு. முட்டிவலி எப்படி இருக்கு?”

“மழை வர்றதுக்கு முன்னாலேயே அதுக்குத் தெரிஞ்சிடுது. சின்னவ கோலாலம்பூர்ல இருந்து வந்தாளா?”

“அடுத்த வாரம் வர்றாளாம். உங்க முருங்கையில இன்னும் கம்பளிப்பூச்சி இருக்கா?”

இவ்வளவுதான். நேற்றும் இதுவே, நாளையும் இதுவே.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. திருக்குறளின் இருபதாம் அதிகாரம் பயனில சொல்லாமை. பொய்யையும் புறங்கூறலையும் கடிந்ததோடு அமையாமல், வெறும் வீண்பேச்சுக்கென்றே பத்துக் குறள்களை ஒதுக்கியவர் வள்ளுவர். அப்பேச்சைப் பாராட்டித் திரிபவனை மனிதன் என்று சொல்லவும் உடன்படாமல் பதரென்று தள்ளுகிறார். மழையையும் முட்டிவலியையும் நாள்தோறும் பேசி நிற்போர் அந்தத் தீர்ப்புக்கு உட்பட்டவர்களா? வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்ந்தவர்களை அவ்வளவு கடுமையாக எடைபோட மனம் ஒப்பாது. ஆனால், மனம் ஒப்பாமை ஒரு விடை ஆகாது.

பயன் என்பதற்கு என்ன அளவு? தமக்கும் பிறர்க்கும் அறம், பொருள், இன்பம் என்பவற்றுள் ஒன்றையும் தராத சொல்லே பயனிலாச் சொல் என்று பரிமேலழகர் பொருள்கொள்வார். இந்த அளவுகோலைக் கையிலேந்தி மரத்தடிப் பேச்சுக்குத் திரும்பினால், முன்பு காணாத சில கண்ணிற்படும்.

மழை பெய்தது என்கிறார் ஒருவர். சாடியின் அடித்தட்டில் நீர் நின்றிருக்குமே என்கிறார் மற்றவர். தோட்டம் வளர்ப்போர்க்கு இது சிறு செய்தியன்று. தேங்கிய நீரில் இடப்பட்ட முட்டை, கொசுவாகிப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். டெங்கிக் காய்ச்சலைச் சுமப்பது அந்த ஏடிஸ் கொசு. வீட்டைச் சுற்றிக் கொசு பெருக இடங்கொடுப்பவர்க்குத் தண்டம் விதிக்க மலேசியாவில் 1975ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். ஆனால், சுகாதார அதிகாரி வாசலுக்கு வருவதற்குள், “தட்டைக் கவிழ்த்தீர்களா?” என்று நண்பர் கேட்டுவிடுகிறார். வானிலையும் தோட்டமும் உடல்நலமும் பேரப்பிள்ளையும் அந்த ஒரு கேள்வியில் ஒன்றாகிவிடுகின்றன.

மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர், 1923ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை ஒன்றில் இத்தகைய பேச்சை ஆராய்ந்தார். நலம் வினவுவதும் வானிலை பேசுவதும் செய்தி அறிவதற்காக அல்ல, சொல் பரிமாறுவதாலேயே பிணைப்பு உண்டாவதற்காக என்பது அவர் முடிபு. பினாங்குத் தெருவில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. மலாய்க்காரர் ‘சுடா மாக்கான்?’ என்பர், ஹொக்கியன் சீனர் தம் மொழியில் உண்டாயிற்றா என்பர், தமிழர் ‘பசியாறியாச்சா?’ என்பர். மூவினத்தாரும் கேட்பது ஒரே கேள்வி. கேட்பவர் எவரும் சோற்றுப்பானையுடன் நிற்பதில்லை. அறிஞர் கண்டது உண்மையே. எனினும் அது முழுதும் உண்மையன்று. செய்தி வேண்டாத பேச்சு என்று முடிவு கட்டிவிட்டால், சாடித்தட்டு நீரை எங்கே வைப்பது? பிணைப்புக்காகப் பேசப்படும் பேச்சிலேதான், தேவைப்படும் நாளில் செய்தியும் வந்து இறங்குகிறது. தேவைப்படாத நாள்களில் திறந்தே கிடந்த வழி அது.

புறநானூற்றில் இதற்கு ஒப்பான காட்சி ஒன்று உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த காலத்தில் அவனை நாடி வந்தவர் பிசிராந்தையார். ஆண்டுகள் பல ஆகியும் உமக்கு நரை இல்லையே என்று சான்றோர் அவரைக் கேட்டதாக 191ஆம் பாடலின் குறிப்புச் சொல்லும். ஓர் அரசன் உயிர்விடும் இடத்தில் கேட்கத் தகுந்த கேள்வியா இது? இன்றைய மரத்தடியில் ‘தலைக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறீர்கள்?’ என்பதற்கு இணையானது. ஆனால், புலவர் தந்த விடை மனைவியின் மாண்பையும், மக்களின் அறிவையும், ஏவலர் தம் கருத்தறிந்து ஒழுகுவதையும், தீமை செய்யாது காக்கும் அரசனையும், தம் ஊரிற் சான்றோர் பலர் வாழ்வதையும் தொட்டுச் செல்கிறது. உடலைப் பற்றிய கேள்விக்குக் குடும்பமும் ஊரும் நாடும் விடையாயின. கேட்டவர்கள் பொறுமையோடு கேட்டார்கள் என்பதை மறந்துவிடலாகாது. பாதியில் அவர்கள் முகம் திருப்பியிருந்தால் அப்பாடல் இல்லை.

இங்கேதான் அறத்தின் சிக்கல் தொடங்குகிறது. பேச்சு சிறியது என்பது குற்றமன்று. கேட்டுவிட்டு விடைக்கு நில்லாமை குற்றமாகலாம். ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு, ‘இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது’ என்று ஒருவர் தயங்கிச் சொல்கிறார். கேட்டவரோ அதற்குள் மல்லிகைக்கு இடும் உரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். தீய எண்ணம் எதுவும் அவரிடம் இல்லை. பழக்கம் காதை அடைத்துவிட்டது. பயனில சொல்லாமை அதிகாரம் சுடுவது இத்தகைய வேளையைத்தான். அன்று அவர் வாயிலிருந்து வந்த நலம் வினவல் உள்ளபடியே பதர்.

விடை சொல்பவர் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. மனைவியை இழந்து, பிள்ளைகள் சிங்கப்பூரில் வாழ, தனியே இருக்கும் முதியவர் ஒருவர், நெஞ்சு வலித்த மறுநாளும் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்கிறார். பிறரைக் கலங்கச் செய்யக் கூடாதென்பது அவர் எண்ணம். தீங்கில்லாச் சொல்லே வாய்மை என்று கொண்டால், இதுவும் வாய்மையே என்று வாதிடலாம். பலர் அப்படியே வாதிடுவர். ஆனால், தீங்கு யாருக்கு இல்லை? சொன்னவருக்கே தீங்கு உண்டு. தெரிந்திருந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருக்கக்கூடிய நண்பர்க்கும் அது இழைக்கப்பட்ட தீங்குதான். பின்னர் அவர் தம்மையே நொந்துகொள்வார். அந்நியரிடம் மறைப்பது தன்மானம். பத்தாண்டுகளாகக் காலைதோறும் முட்டிவலியை விசாரித்தவரிடம் மறைப்பதற்கு அப்பெயர் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது.

2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இரவு பினாங்கில் புயற்காற்றுடன் பெருமழை கொட்டியது. மரங்கள் சாய்ந்தன, வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது, எழுவர் உயிரிழந்தனர். மழையைப் பற்றிய பேச்சு வெறும் பேச்சாக இல்லாமற்போன இரவு அது. யாருடைய வீடு பள்ளத்தில் இருக்கிறது, யாரால் விரைந்து மாடியேற முடியாது என்பதெல்லாம் அன்றைக்குப் புதிதாகக் கேட்டறியும் செய்திகள் அல்ல. முன்னரே யாரோ, எப்போதோ, ஒன்றுமில்லாத பேச்சினிடையே சொல்லி வைத்தவை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பூங்காக்கள் அடைக்கப்பட்டபோது, அந்தப் பேச்சே நின்றது. தொலைபேசி இருந்தது. ஆனால், தொலைபேசியில் அழைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். ‘சும்மாதான் கூப்பிட்டேன்’ என்று சொல்லவும் சிலர் கூசுவர். மரத்தடிக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை.

நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே கேள்வி கேட்கப்படுவதால் மற்றொன்றும் விளைகிறது. ஆள் வராத நாள் உடனே கண்ணிற்படுகிறது. ஐவர் நிற்குமிடத்தில் நால்வர் நின்றால், அன்றைய பேச்சு மழையில் தொடங்குவதில்லை. அவர் வீட்டுத் தொலைபேசி எண் யாரிடம் இருக்கிறது, யாருடைய மோட்டார் சைக்கிள் வாசலருகே நிற்கிறது என்பதில் தொடங்குகிறது.