வயிற்றுவழியும் தன்மானமும்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்திலே, ஆரைப்பற்றை என்னும் பழம்பெயரையும் உடைய ஆரையம்பதி அமைந்துள்ளது. இவ்வூரில் இரு குடும்பங்கள் மணவுறவு பற்றிப் பேசத் தொடங்கும்போது, முதியோர் அறிய விரும்புவனவற்றுள் முதன்மையானது குடியாகும். ‘நீங்க என்ன குடி?’ என்ற வினாவுக்கு ஆணாயினும் பெண்ணாயினும் தமது தாயின் குடியையே விடையாகக் கூறுவர். தந்தையின் குடி மரியாதைக்குரியது. ஆயினும் அது பிள்ளையின் குடியாகாது. ஒரே குடியைச் சேர்ந்த இருவர் மணஞ்செய்தல் முறையன்று. இந்த வழியைக் குறிக்க இப்பிரதேசத்தார் வழங்கும் சொற்களுள் ‘வயிற்றுவார்’ என்பதும் ஒன்று. பெண்ணின் வயிறே இங்கு வரலாற்றின் ஏடு.

இத்தகைய சமூகத்திலே பெண்ணுக்குத் தன் உடல் மீதும் விருப்பின் மீதும் பிறவிடங்களிலும் பார்க்கக் கூடுதலான மதிப்பு இருத்தல் வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் சிறுவயதில் எமது வீட்டு முற்றத்தில் கேட்ட ஒரு பேச்சு அவ்வெதிர்பார்ப்பை இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கின்றது. தனக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பொன்றை அழுதுகொண்டே கூறிய ஓர் இளம்பெண்ணிடம், அவள்மீது மிகுந்த அன்புடைய பெரியம்மா ஒருவர், ‘வெளியில சொல்லாத மகள், நம்மட குடிக்கு மானக்கேடு’ என்றார். அழுதவளின் மானம் பற்றி அங்கு எவரும் பேசவில்லை. குடியின் மானம் ஒன்றே பேசப்பட்டது. குடி தாய்வழியில் வருவதாயின், அக்குடியின் மானம் யாருடையது? அதைச் சுமப்பவளுடையதா, அன்றி அவளைச் சுமக்கவைப்போருடையதா? இவ்வினாவையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

முதலில் குடிமுறையின் சட்ட வரலாற்றை நோக்குதல் தகும். முக்குவர் சட்டம் எனப்பட்ட மட்டக்களப்பு வழமையின்படி, ஓர் ஆணின் முதுசம் அவனுடைய பிள்ளைகளைச் சேராது அவன் சகோதரியின் பிள்ளைகளைச் சேர்ந்தது. இவ்வழமையைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக்கினார். அதே 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இவ்வழமையின் சட்டவலுவை இல்லாதொழித்தது. எனினும் வழக்கம் வேறுருவில் வாழ்ந்தது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படுவதும், மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வதும் இன்றும் இப்பிரதேசத்தின் பொது வழக்குகள். முஸ்லிம் அயலவர்களிடையேயும் தாய்வழிக் குடியும் இச்சீதன முறையும் காணப்படுகின்றன.

ஆயினும் ஒன்றை உற்றுநோக்க வேண்டும். வழி பெண்ணினூடாக வந்தது; அதிகாரம் பெரும்பாலும் அவளுடைய சகோதரனிடமும் தாய்மாமனிடமும் தங்கியது. கோயில்களில் குடிகளின் பேரால் நிருவாகம் செய்யும் வண்ணக்கர் பதவி தாய்வழியில் கைமாறினும், அதில் அமர்ந்தோர் ஆண்களே. வாய்க்காலினூடாக நீர் பாய்கின்றது என்பதனால் நீர் வாய்க்காலுக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. தாய்வழி என்பது வேறு, தாயின் உரிமை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே எமது சமூகத்தைப் பற்றி நாமும் பிறரும் அடிக்கடி செய்யும் பிழை.

இவ்வேறுபாட்டின் கொடிய எல்லையைக் காண்பதற்கு நாம் அத்திலாந்திக் கடலின் மறுகரைக்குச் செல்ல வேண்டியுள்ளது. ஆங்கிலக் குடியேற்றமாகிய வேர்ஜினியாவில் 1662இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்பதே அதன் சாரம். தந்தைவழியைப் போற்றிய ஆங்கிலேயர் இவ்வொரு விடயத்தில் மட்டும் தாய்வழியைத் தேர்ந்தமைக்குக் காரணம் தெளிவு. கறுப்பு அடிமைப் பெண்ணிடத்து வெள்ளை எசமானுக்குப் பிறந்த பிள்ளையும் அடிமையாகவே பிறந்தது. எசமானின் குற்றம் அவனுடைய சொத்தாகப் பெருகியது. இலங்கையும் இதற்குப் புறம்பானதன்று. ஒல்லாந்தர் கொணர்ந்த உரோம-ஒல்லாந்தச் சட்டத்திலும் அடிமைத் தாயின் பிள்ளை அடிமையே. 1707இல் எழுத்துருப் பெற்ற தேசவழமையில் அடிமைகள் பற்றித் தனியே விதிகள் வகுக்கப்பட்டிருந்தன. அடிமை முறை இலங்கையில் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேயே.

ஆரையம்பதியின் குடியும் வேர்ஜினியாவின் அடிமைச் சட்டமும் ஒன்றென்று இங்கு கூறப்படவில்லை. ஒன்று பெண்ணுக்கு வீட்டைத் தந்தது. மற்றது அவளுடைய பிள்ளையைப் பறித்தது. ஆயின் இவ்விரண்டும் சேர்ந்து ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ‘பிள்ளை தாயைச் சேரும்’ என்ற விதி தன்னளவில் பெண்ணுக்கு உயர்வையோ தாழ்வையோ தருவதில்லை. அத்தாய் தன் உடலுக்குத் தானே உரியவளா என்பதே அவ்விதியின் அறத்தை நிர்ணயிக்கின்றது.

உடலுக்கு உரிமை மறுக்கப்பட்ட பெண்ணின் மீது அவதூறும் சேர்ந்தே சுமத்தப்படுவதை வரலாறு காட்டுகின்றது. அடிமைப் பெண்கள் இயல்பிலேயே காமமிக்கவர் என்ற கதை எசமானர்களின் மனச்சாட்சிக்குத் துணையாயிற்று. எமது பிரதேசப் பெண்களைப் பற்றியும் ஒரு கதை உண்டு. மட்டக்களப்புப் பெண்கள் மந்திரத்தாலும் மருந்தாலும் ஆண்களைப் பாயோடு ஒட்டவைத்து விடுவர் என்று பிற பிரதேசத்தார் சொல்வதை இந்நாட்டுத் தமிழர் அறிவர். நகைச்சுவையாகவே பலர் இதனைக் கூறுவர். எம்மவருட் சிலரும் சேர்ந்து சிரிப்பர். உத்தியோகம் பார்க்க வந்த ஆடவர் இங்கு மணமுடித்து, ஊர் வழக்கப்படி மனைவியின் வீட்டிலேயே தங்கியிருக்கக்கூடும். ஒரு வாழ்விட முறையை மாயமாகவும், பெண்ணின் சொத்துரிமையை அவளுடைய ஒழுக்கக் குறைபாடாகவும் மாற்றிக் காட்டும் கதை அது. வீடு தன்னுடையதாக இருக்கும் பெண்ணை அஞ்சியவர்கள் அவளை ஏசுவதற்குக் கண்ட வழி அதுவே எனலாம்.

இத்தகைய ஏச்சுக்கு எதிராகப் பெண் எவ்வாறு தன் மதிப்பை மீட்பது? இரு வழிகள் உள. ‘நாம் அத்தகையோர் அல்லர், நாம் கற்புடையோர்’ என்று மறுமொழி கூறுவது முதலாவது. இது எளிது, ஆனால் ஏசுவோனின் அளவுகோலை அது ஏற்றுக்கொண்டு விடுகின்றது. அவ்வளவுகோலையே வினாவுக்குட்படுத்துவது இரண்டாவது. பெரியார் ஈ.வெ.ரா. 1920களிலேயே, கற்பு ஒரு பாலார்க்கு மட்டும் விதிக்கப்படுமாயின் அது ஒழுக்கமன்று, அடிமைத்தனமே என்ற கருத்தை முன்வைத்தார். இரண்டாவது வழியின் தொடக்கம் அதுவாகும்.

வட கரோலினாவில் 1813இல் அடிமையாகப் பிறந்த ஹரியட் ஜேக்கப்ஸ் என்பாரின் வாழ்வு இவ்வழியின் கடினத்தைக் காட்டுகின்றது. எசமானின் இச்சைக்கு இணங்க மறுத்த அவர், இளவயதிலேயே வேறொரு வெள்ளையருடன் உறவுகொள்ளத் தாமே முடிவுசெய்தார். அவ்வுறவிற் பிறந்த இரு பிள்ளைகளும் சட்டப்படி அடிமைகளே. பின்னர் ஏறத்தாழ ஏழாண்டுகள், நிமிர்ந்து நிற்கவும் இயலாத ஒரு கூரையிடுக்கில் ஒளிந்திருந்து, 1842இல் வடக்கே தப்பினார். 1861இல் புனைபெயரில் வெளியிட்ட தன்வரலாற்றில் அம்முடிவை அவர் மறைக்கவில்லை, அதற்காக வருந்துகின்றார். ஆயினும் தெரிவு மறுக்கப்பட்ட பெண்ணைத் தெரிவுடைய பெண்ணின் அளவுகோலால் அளத்தல் நீதியன்று என்று வாதிடுகின்றார். தன் வாழ்வைத் தானே சொல்லியமையே அவர் மீட்டெடுத்த தன்மானம். எமது முற்றத்தில் அழுத பெண்ணுக்கு மறுக்கப்பட்டதும் இதுவே.

மட்டக்களப்புப் பிரதேசத்தில் வைகாசி மாதத்தில் கண்ணகை அம்மன் சடங்குகள் நிகழ்கின்றன. வழக்குரை பாடப்பட்டுக் குளிர்த்தியுடன் அவை நிறைவெய்தும். ஆரையம்பதியும் கண்ணகையை வழிபடும் ஊர்களுள் ஒன்று. கற்பின் தெய்வம் என்றே அவளைப் பலரும் கூறுவர். ஆனால் வழக்குரை என்ற பெயரே, அவள் அரசவையில் நின்று வழக்குரைத்தவள் என்பதை நினைவூட்டுகின்றது. வாய்திறந்தவளைத் தெய்வமாக்கிய ஊரிலே, வாய்திறக்க முற்படும் மகளிடம் குடியின் மானத்தைக் காட்டி மௌனத்தை வேண்டுவது பெரும் முரண்பாடாகும்.

இம்முரண்பாடு வீட்டு முற்றத்தோடு நிற்பதன்று. 1997 மே மாதத்தில் அம்பாறை மாவட்டத்தின் மத்திய முகாம் பகுதியில் தமிழ்ப் பெண்ணொருவர் பாலியல் வன்முறைக்குப்பின் கொல்லப்பட்டார். அதனைப் பற்றிக் கவிஞர் கலா எழுதிய ‘கோணேஸ்வரிகள்’ என்ற கவிதை கடும் விவாதத்துக்குள்ளாயிற்று. கவிதையில் பெண்ணுறுப்பின் பெயர் இடம்பெற்றமை ஆபாசம் என்று கண்டித்தோர் பலர். சிதைக்கப்பட்ட உடலைப் பார்க்கத் துணிந்தோரும், அதைப் பெயர்சொல்லி அழைத்தபோது நாணினர். இனத்தின் மானம், குடியின் மானம் ஆகிய பெரிய சொற்களுக்கிடையே அப்பெண்ணின் மானம் எங்கே என்று அக்கவிதை வினவியது என்றே யான் கருதுகின்றேன்.

இனி, நாம் காக்க முனையும் அந்த மூதாதை அடையாளத்தையும் சற்று நோக்குவோம். எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்து 1962இல் வெளிவந்த மட்டக்களப்பு மான்மியம் முதலியன குடிகளின் வருகையை அரச வம்சங்களோடும் கலிங்கம் முதலிய தேசங்களோடும் இணைக்கின்றன. காலிங்கா குடி, படையாண்ட குடி என்னும் பெயர்களும் பெருமிதம் மிக்கவை. ஆயின் கணக்கு வேறு கதை சொல்கின்றது. ஒருவருக்குப் பத்தாவது தலைமுறையில் 1024 முன்னோருக்கு இடமுண்டு. தாய்வழிக் குடி நினைவுகூர்வது அவ்விடங்களுள் ஒன்றை மட்டுமே. தந்தைவழிப் பெயரும் அவ்வாறே ஒன்றை மட்டுமே காக்கின்றது. எஞ்சிய 1022 இடங்களில் இருந்தவர் எவர்?

அவர்களுள் சிலரை ஊகிப்பதற்கு மட்டக்களப்பிலேயே தடயங்கள் உள. இங்குள்ள பறங்கியர் திருமணங்களிலே ‘கபிரிஞ்ஞா’ என்னும் ஆட்டத்தை ஆடுவர். காப்பிரி என்ற சொல்லுடன் போர்த்துக்கேயப் பெண்பாற் குறுமை விகுதி சேர்ந்த பெயர் இது எனவும், ‘சிறிய காப்பிரிப் பெண்’ எனப் பொருள்படும் எனவும் விளக்குவர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் படைவீரராகவும் இத்தீவுக்குக் கொணர்ந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். பலர் காலப்போக்கிற் பிற சமூகத்தாருடன் மணங்கலந்தனர். ஒரு கறுப்புப் பெண்ணின் நினைவு ஆட்டத்தின் பெயரில் மட்டும் தங்கியிருக்கின்றது. அவளுக்குக் குடியுமில்லை, மான்மியமுமில்லை. ‘காப்பிலி’ என்ற சொல்லோ கருநிறக் குழந்தையை ஏசும் வசைமொழியாக எம்மிடையே வழங்குகின்றது. தன் பாட்டியின் பாட்டியாக இருந்திருக்கக்கூடிய ஒருத்தியின் பெயரால் தன் பேத்தியை ஏசும் சமூகம், தன் வழியைப் பற்றி உண்மையில் எதை அறிந்திருக்கின்றது? தூய வழி என்பது நாம் நினைவில் வைத்துக்கொண்ட வழி மட்டுமே. அத்தூய்மையைக் காப்பதற்காக ஒரு பெண்ணை வாய்மூடச் செய்வதற்கு எவருக்கும் உரிமையில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். குடி பெண்ணுக்கு அரணாகவும் இருக்கவில்லையா? மணமுறிந்தவளும் கணவனை இழந்தவளும் தெருவுக்கு வராமற் காத்தது தாய்வீட்டுச் சீதனமன்றோ? இம்மறுப்பு வலிமையுடையது. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையின் பின் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகளும் காணிகளும் பல இடங்களிற் ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரால் ஆண்களுக்கே பதியப்பட்டன. தலைமுறைகளாகப் பெண்ணுக்குரியதாயிருந்த வளவு ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் கைமாறியது. பெண்கள் அமைப்புக்கள் இதனை எதிர்த்துக் குரலெழுப்பின. ஆகவே குடிமுறையைப் பழமையென ஒதுக்கிவிடுதல் அறிவுடைமையாகாது. அது தந்த வீட்டைக் காக்க வேண்டும். அது கேட்கும் மௌனத்தை மறுக்க வேண்டும். மரபு முழுவதையும் ஏற்பதோ முழுவதையும் எறிவதோ மட்டுமே எமக்கு உள்ள தெரிவுகள் அல்ல.

மானம் என்பது குடியிலிருந்து பெண்ணுக்கு வந்து சேரும் கொடையன்று. தன் உடலைப் பற்றிய ‘ஆம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் தன் சொல்லாக இருப்பதும், தனக்கு நேர்ந்ததைத் தன் வாயாற் கூறுவதற்கு இடமிருப்பதுமே அவளுடைய தன்மானம். அது உள்ள பெண்ணினூடாக வரும் குடிக்கே மானம் உண்டு. அது மறுக்கப்படும் இடத்தில், குடிப்பெயர் எத்துணைத் தொன்மையானதாயினும் அது வெறும் பெயரே. எமது ஊரில் ‘என்ன குடி?’ என்ற வினா இனியும் கேட்கப்படும், அது தவறன்று. அதற்கு முன்பாக, எதிரே நிற்கும் மகளை நோக்கி ‘உனக்கு விருப்பமா?’ என்று கேட்கவும், அவள் தரும் விடைக்குக் கட்டுப்படவும் பெரியோர் பழகுதல் வேண்டும். வயிற்றின் வழியே வரலாற்றை எழுதிய சமூகம், அவ்வயிற்றுக்குரியவளின் வாய்மொழிக்கும் செவிசாய்க்கக் கடமைப்பட்டுள்ளது.